நிலுவையில் ஒரு தாசில்தார்

மேலப்பொட்டல் மஞ்சுவிரட்டுக் கழகத்தின் பழைய மேசையைப் பற்றி இப்போது யாரிடம் கேட்டாலும் கண் கலங்குகிறார்கள். அது இருந்த காலத்தில் அதை யாரும் ஒரு மேசையாகக்கூட மதித்ததில்லை என்பது வேறு விஷயம். பந்தலுக்கு நடுவில் கிடக்கும். அதற்குப் பின்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். மாட்டைக் கொண்டுபோனால் மாட்டின் கண்ணைப் பார்ப்பார், கொம்பைப் பார்ப்பார், மாட்டுக்காரன் மூஞ்சியைப் பார்ப்பார், "ம், போ" என்பார். போய்த் தொழுவில் அடைத்து அவிழ்த்துவிடுவார்கள். அவ்வளவுதான் நிர்வாகம்.

போன வருஷம் ஒரு காரி மாடு, ஓட வேண்டிய பக்கம் ஓடாமல் பந்தலுக்குள் புகுந்து அந்த மேசையைத் தூக்கி எறிந்தது. மேசை நாலு காலும் வானத்தைப் பார்க்கக் கிடந்தது. பெரியவர் வேப்பமரத்தில் இருந்தார். அவர் எப்படி ஏறினார் என்பது இன்றுவரை அவருக்கே தெரியாது. மிச்சமிருந்த மாடுகள் அவிழ்க்கப்படாமலே வீடு திரும்பின.

அன்றைக்கே யாராவது மேசையை நிமிர்த்தி வைத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் கழகத்துக்கு அழகுசுந்தரம் என்று ஒரு தலைவர் இருக்கிறார். அவருக்குத் தங்கை மருமகன் என்று முத்துராமன் இருக்கிறார். முத்துராமன், நெற்குப்பையில் அவர்கள் பெரிய வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் உட்கார்ந்தபடியே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவர். என்ன வேலை என்று வீட்டில் யாருக்கும் தெளிவில்லை. மேலே சட்டை, கீழே கைலி என்று உட்கார்ந்து, லேப்டாப்பைப் பார்த்து நாள் முழுக்க இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று அங்கே பாத்திரம் தேய்க்கிற அம்மாக்கண்ணு சொல்லித்தான் ஊருக்கே தெரியும்.

அந்த முத்துராமன்தான் இந்த வருஷம் கல்யாண மகாலில் மாட்டுக்காரர்களைக் கூட்டி வைத்து விளக்கம் கொடுத்தார்.

"ஒரே மேசை இருந்தா அதைச் சாய்க்க ஒரே மாடு போதும். அதான் தப்பு. இனிமே அஞ்சு மேசை. டோக்கனுக்கு ஒண்ணு, டாக்டருக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு, துண்டு கட்டுற மரியாதைக்கு ஒண்ணு, அவிழ்க்கிறதுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணும் ஒரு மூலையில. இதுக்கு மைக்ரோ சர்வீஸ்னு பேரு. ஒரு மேசை செய்யிறது இன்னொரு மேசைக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. ஒரு மேசை விழுந்தாலும் மத்த நாலும் தங்களுக்கு ஒண்ணுமே ஆகாத மாதிரி இருக்கும்."

கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "விழுந்த மேசையில நிக்கிறவன் என்ன பண்ணுவான் தம்பி?" என்றார். நல்ல கேள்வி என்று முத்துராமன் பாராட்டினார். பாராட்டிவிட்டுத் திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

"முக்கியமான விதி ஒண்ணுதான். பாதியில நிக்கிற வேலையே இருக்கக்கூடாது. நடந்தா அஞ்சு மேசையிலயும் முழுசா நடக்கணும். ஒரு இடத்துல தவறுனாலும் மத்ததெல்லாம் நடக்காத மாதிரி ஆகிரணும். ஒவ்வொரு மேசையும் தான் செஞ்சதைத் தானே ரத்துப் பண்ணிரும். அது முடியிற வரைக்கும் உங்க மாட்டுக் காதுல குத்தியிருக்கிற காதுவில்லை நம்பர்ல ஒரு பூட்டு இருக்கும். வேற யாரும் தொட முடியாது. சந்தை வாசல் கேட்டோடயும் சேத்துக் கட்டிட்டோம். அங்க நம்பரை அடிச்சா 'நிலுவையில்'னு காட்டும். விக்க முடியாது, வாங்க முடியாது. அவ்வளவு பத்திரம்."

தலைவர் அழகுசுந்தரம் மைக்கை வாங்கினார். "எல்லாத்தையும் தம்பி எனக்கு நேத்துச் சாயந்தரமே விளக்கிட்டாரு. எனக்கே ஒண்ணும் புரியலைன்னா எவ்வளவு பெரிய விஷயம்னு நீங்களே பாத்துக்கங்க!" என்றார். கைதட்டல் அடங்க நேரமானது.

கைதட்டியவர்களில் ஒக்கூர்ச் சின்னக்கருப்பனும் ஒருவர். மாவு மில் வைத்திருக்கிறார். எதையும் எதிர்த்துப் பேசி அறியாதவர். வரிசையில் நின்றால், பின்னால் வந்து இடித்தவனை முன்னால் விட்டு, அவனிடமே மன்னிப்பும் கேட்கிறவர். இப்படிப்பட்ட ஆளுக்கு மஞ்சுவிரட்டு மாடு எதற்கு என்று ஒக்கூரே கேட்டது. மாடு அவருடையது இல்லை என்பதுதான் பதில். அவர் மனைவி செந்தாமரையுடையது. கன்றிலிருந்து பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வைத்து வளர்த்தது அவள். பெயர் தாசில்தார். யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது, கேட்டதற்குப் பதில் குரல் கொடுக்காது என்பதால் தெருவில் வைத்த பெயர். அதுவே நின்றுவிட்டது.

இந்தத் தாசில்தார் மேல்தான் செந்தாமரையின் அண்ணன் வேல்பாண்டிக்குக் கண். மாட்டுத் தரகு பார்க்கிறவர், சொந்தமாகக் குட்டி யானை வண்டி வைத்திருக்கிறார். தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம் காப்பியைக் குடித்துக்கொண்டே மாட்டின் தொடையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

"மாப்ள, இது ஓடுற மாடு இல்ல. நிக்கிற மாடு. நிக்கிற மாட்டுக்குத் தீவனம் போடுறது ஊர்ப் போஸ்ட் மரத்துக்குத் தீவனம் போடுற மாதிரி."

செந்தாமரைக்கு ரோஷம் வந்துவிட்டது. "இந்த வருசம் மேலப்பொட்டல்ல எறங்கும்ணே. எறங்கி ஓடலைன்னா நீயே ஏத்திக்கிட்டுப் போ. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

"வார்த்தை மாறக்கூடாது ஆத்தா. வியாழக்கிழமை சந்தை. கேரளா லாரி நிக்கும்."

கேரளா லாரி எங்கே போகும் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. செந்தாமரை அன்று இரவு சாப்பிடவில்லை என்று பக்கத்து வீட்டில் பேச்சு. சின்னக்கருப்பனும் சாப்பிடவில்லை. ஆனால் அவர் சாப்பிடாததை யாரும் கவனிக்கவில்லை.

ஆக, தாசில்தார் பொட்டலில் இறங்க வேண்டும். ஓடுவதோ, துள்ளுவதோ, நாலு பேரை முட்டுவதோ அப்புறம். முதலில் இறங்க வேண்டும்.

மஞ்சுவிரட்டு அன்று எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. கோயில் மாடு முதலில் போனது. அதற்கு மட்டும் எந்த மேசையும் கிடையாது. பிறகு தாசில்தாரை ஓட்டிக்கொண்டு சின்னக்கருப்பன் டோக்கன் மேசைக்குப் போனார். காதுவில்லையைப் படம் பிடித்து, பூட்டுப் போட்டு அனுப்பினார்கள். தோப்புப் பக்கம் டாக்டர் மேசை. டாக்டர் நாக்கைப் பார்த்து, ஒரு தடுப்பூசியும் போட்டு, 'நலம்' என்று கைக்கணினியில் தட்டினார். கண்மாய்க்கரையில் தண்ணீர் மேசை. ஒரு வாளி வைத்தார்கள். பள்ளிக்கூட வாசலில் மரியாதை மேசை. அதில் காரைக்குடி ஜவுளிக்கடை முஜிபுர் ரகுமான் உட்கார்ந்திருந்தார். துண்டெல்லாம் அவர் கடை உபயம். அதனால் மேசையையும் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். பளபளவென்று ஒரு சிவப்புத் துண்டை எடுத்து மாட்டின் கழுத்தில் கட்டி, கைக்கணினியைத் தட்டினார்.

"மாசா அல்லா, ஜம்முனு இருக்குண்ணே. போங்க, அவிழ்த்துவிடுங்க."

கடைசியாகத் தொழுவை ஒட்டி அவிழ்ப்பு மேசை. அங்கே சித்ரா என்கிற பெண் இருந்தாள். காரைக்குடியில் கம்ப்யூட்டர் படிக்கிறவள். கைக்கணினியைப் பார்த்தாள். சின்னக்கருப்பனைப் பார்த்தாள். மறுபடி கைக்கணினியைப் பார்த்தாள்.

"துண்டு கட்டலையேண்ணே."

சின்னக்கருப்பன் திரும்பிப் பார்த்தார். சிவப்பாகக் கழுத்தில் கிடந்தது. "கட்டிருக்கே தாயி."

"அது கண்ணுக்குத் தெரியுது. சிஸ்டத்துக்குத் தெரியணும்ல. மரியாதை மேசையில இருந்து எனக்குப் பதில் வரலை."

விஷயம் என்னவென்றால், பொட்டலைச் சுற்றி நின்ற ஜனம் முழுவதும் செல்போனைத் தூக்கிப் பிடித்து நேரலை விட்டுக்கொண்டிருந்தது. அதில் மேலப்பொட்டலின் சிக்னல் நெரிசலில் மாட்டிக்கொண்டது. சித்ரா கேட்பது முஜிபுர் ரகுமானுக்குப் போகிறது. அவர் சொல்லும் பதில் இவளுக்கு வரவில்லை.

"இருங்க, மறுபடி கேக்குறேன்" என்று சித்ரா ஒரு பொத்தானைத் தட்டினாள்.

பள்ளிக்கூட வாசலிலிருந்து முஜிபுர் ரகுமான் கையில் துண்டோடு ஓடி வந்தார். மாட்டைத் தடவிக்கொடுத்து, முதல் துண்டுக்கு மேலே இன்னொரு துண்டைக் கட்டினார். கைக்கணினியைத் தட்டினார். திரும்பி ஓடினார்.

"பதில் வரலை" என்றாள் சித்ரா. மறுபடி தட்டினாள்.

மறுபடி ஓடி வந்தார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. கழுத்தில் இடமில்லாமல் போனபோது கொம்பில் கட்டினார். கொம்பும் நிறைந்தபோது திமிலில் போர்த்தினார். தாசில்தார் ஒரு கட்டத்தில் ஆடித் தள்ளுபடி நேரத்து ஜவுளிக்கடை வாசல் மாதிரி ஆகிவிட்டது. மாடு அதைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் தெரிவிக்கவில்லை.

"பாய், இங்குட்டு வாங்க" என்று சின்னக்கருப்பன் அவர் கையைப் பிடித்தார். "இந்தா, இந்தப் புள்ளை பக்கத்துலதான் நிக்குது. துண்டு கட்டியாச்சுன்னு ஒரு வார்த்தை வாயால சொல்லிட்டுப் போங்களேன்."

முஜிபுர் ரகுமான் பதறிப் போனார். "வாயாலயா? மேசையும் மேசையும் நேரா பேசவே கூடாதுன்னு ட்ரெய்னிங்ல படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காகண்ணே. பேசுனா ஒண்ணையொண்ணு சார்ந்து போயிருமாம். எனக்கு உத்தரவு வந்தா கட்டணும். ஏற்கெனவே கட்டியாச்சான்னு யோசிக்கிறது என் மேசையில இல்ல."

சித்ராவும் அவரும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றார்கள். ரெண்டு பேரும் அவரவர் கைக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்ராவுக்கு அவர் கண்ணில் தெரிந்தார். அவருக்கும் சித்ரா தெரிந்தாள். விதிப்படி இருவரும் ஒருவருக்கொருவர் இல்லை.

"டைம் அவுட்" என்றாள் சித்ரா கடைசியில், ரொம்ப வருத்தத்தோடு. "ரத்து ஆரம்பிச்சிருச்சுண்ணே. மாட்டை நிலுவைத் தொழுவுல கட்டுங்க. எல்லா மேசையிலயும் ரத்து ஆனதும் பூட்டு திறந்துரும். மறுபடி முதல்லேர்ந்து வாங்க."

நிலுவைத் தொழு என்பது மூங்கில் கழியால் அடைத்த ஒரு கூண்டு. பந்தல் கிடையாது; நிலுவையில் யாரும் அதிக நேரம் இருக்கமாட்டார்கள் என்று முத்துராமன் கணக்குப் போட்டிருந்தார். தாசில்தாரை உள்ளே விட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. மாட்டின் வாயில் நுரை கட்டத் தொடங்கியது.

சின்னக்கருப்பன் தண்ணீர் மேசைக்கு ஓடினார்.

"உங்களுக்கு ஒரு வாளி குடுத்தது ரத்தாகியிருக்குண்ணே" என்றான் அங்கிருந்தவன். "குடிச்ச தண்ணியத் திருப்பி எடுக்க முடியாதுல்ல? அதனால அடுத்த வாளி கிடையாது. கணக்கு நேராயிரும்."

டாக்டரிடம் ஓடினார். டாக்டர் நல்ல மனிதர். எழுந்து நின்றே பேசினார்.

"மாடு நலம்னு குடுத்தேன். ரத்துன்னு வந்துச்சு. ரத்துப் பண்ணிட்டேன். இப்ப அது நல்லாருக்கான்னு நான் சொல்லக்கூடாது."

"அப்ப சீக்குன்னு சொல்றீகளா?"

"அதையும் சொல்லக்கூடாது."

"ஊசி போட்டீகளே சார்?"

"போட்டது போட்டதுதான். ஆனா போடலைன்னு எழுதியாச்சு. மறுபடி வந்தீகன்னா மறுபடி போடணும்."

தொழுவில் நின்ற தாசில்தாருக்கு இது காதில் விழுந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அந்த நேரத்தில்தான் அது காலை ஒரு முறை உதறியது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

டோக்கன் மேசைக்காரர் கைக்கணினியைத் திருப்பிக் காட்டினார். டாக்டர் ரத்து, தண்ணீர் ரத்து. அவிழ்ப்பு நடக்கவே இல்லை. பூட்டைத் திறக்க மிச்சமிருப்பது மரியாதை மேசை ஒன்றுதான். அதுவும் துண்டை அவிழ்த்துவிட்டால் மாடு விடுதலை.

சின்னக்கருப்பன் முஜிபுர் ரகுமானிடம் போய் நின்றார். "பாய், துண்டை அவுத்துருங்க பாய்."

முஜிபுர் ரகுமான் கைக்கணினியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் கல்யாணத்தில்கூட அப்படி அழாதவர் என்கிறார்கள். "அவுக்கச் சொல்லி உத்தரவு வரலியேண்ணே. நான் கட்டுனதா அங்க பதிவே இல்லியாம். கட்டாத துண்டை எப்படி அவுக்கிறது?"

"நானே அவுத்துரவா?"

"அய்யோ, செஞ்சிராதீக. இல்லாத துண்டைத் திருடுன மாதிரி ஆயிரும்."

இந்தச் சமயத்தில்தான் செந்தாமரையிடமிருந்து போன் வந்தது. சிரிப்பும் அழுகையும் கலந்த குரல்.

"என்னங்க! ஜெயிச்சிருச்சாம்ல! எங்க இருக்கீக? இங்க தெருவே நம்ம வீட்டு வாசல்ல நிக்குது!"

சின்னக்கருப்பன் நிமிர்ந்து பார்த்தார். பொட்டலின் பெரிய திரையில் கொட்டை எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது: 'ஒக்கூர் தாசில்தார். யாருக்கும் பிடிபடாமல் வெற்றி.' எங்கோ வழியில் சிக்கியிருந்த முஜிபுர் ரகுமானின் பழைய பதில் ஒன்று தாமதமாக வந்து சேர்ந்து, அவிழ்ப்பு மேசையில் மாடு அவிழ்ந்ததாகப் பதிவாகியிருந்தது. அதன் பிறகு அதை யாரும் பிடிக்கவில்லை என்பது உண்மைதான். அது கூண்டுக்குள் துண்டு போர்த்தி நின்றுகொண்டிருந்தது.

"தாமரை..." என்றார். கூண்டைப் பார்த்தார். "நல்லா நின்னுச்சு" என்றார்.

போனை வைத்துவிட்டுத் தலைவர் மேடைக்குப் போனார். வாழ்க்கையில் முதல் முறையாக வரிசையை மீறிப் போனார். போகும்போது வரிசையில் நின்ற எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனதால் நேரமாகிவிட்டது.

மேடையில் அழகுசுந்தரமும் முத்துராமனும் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக வேல்பாண்டியும் நின்றார். அவர் காலையிலிருந்தே அந்தக் கூண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எம் மாடு வெயில்ல நிக்குது. ஒண்ணு அவுத்து விடுங்க, இல்லே ஓட்டிக்கிட்டுப் போக விடுங்க. ரெண்டுல ஒண்ணு."

அழகுசுந்தரம் முத்துராமனைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல" என்றார் முத்துராமன், மிகவும் பொறுமையாக. "டோக்கன் மேசைப்படி உங்க மாடு பூட்டுல இருக்கு. அவிழ்ப்பு மேசைப்படி ஓடி ஜெயிச்சிருச்சு. மரியாதை மேசைப்படி துண்டே கட்டலை."

"எது தம்பி நெசம்?"

"எல்லாமே அதது மேசைக்கு நெசம்தான். கொஞ்ச நேரத்துல எல்லாம் ஒத்துப்போயிரும்."

"எப்ப ஒத்துப்போகும்?"

"எப்பன்னு கேக்கக்கூடாதுண்ணே. எப்படியும் போயிரும். அதான் டிசைன்."

"இதெல்லாம் யாரு பொறுப்பு? அவுகளைக் கால்ல விழுந்தாவது கேட்டுக்கிறேன்."

முத்துராமனின் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாகப் பெருமிதம் தெரிந்தது. "பொறுப்புன்னு ஒருத்தரும் கிடையாது. அப்படி ஒருத்தரை வச்சா மறுபடி பழைய மேசைதான். அதை ஒழிக்கத்தானே இவ்வளவும்."

அழகுசுந்தரம் இளநீரைக் கீழே வைத்தார். ஒரு தலைவர் என்ற முறையில் தானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குப் பட்டது. "உங்க மனசு எனக்குப் புரியுது சின்னக்கருப்பன். போன வருசம்னா உங்களை நானே ஒரு வார்த்தையில ஏமாத்தி அனுப்பியிருப்பேன். இப்ப அதுக்குக்கூட எனக்கு அதிகாரம் இல்ல. அவ்வளவு நேர்மையாக்கிட்டோம்."

வேல்பாண்டி தொண்டையைச் செருமினார். "மாப்ள, எறங்கலைல்ல? நான் கண்ணால பாத்தேன். வியாழக்கிழமை வாரேன்."

அதற்குள் திரையில் எழுத்து மாறியிருந்தது. 'ஒக்கூர் தாசில்தார். வெற்றி ரத்து. வருந்துகிறோம்.' ஒக்கூர்த் தெருவிலும் அந்த நேரத்தில் செந்தாமரை வீட்டு வாசலிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள் என்று கேள்வி. வாழ்த்த வந்தவர்கள் துக்கம் கேட்டுவிட்டுப் போவது அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவை.

பொழுது சாய மஞ்சுவிரட்டு முடிந்தது. ஜனம் கலைந்தது. மேசைகளை மடக்கினார்கள். சித்ரா போகும்போது கூண்டுப் பக்கம் வந்து, "நான் வேணும்னே செய்யலைண்ணே" என்று சொல்லி, தன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை மாட்டின் வாயில் ஊற்றிவிட்டுப் போனாள். அது எந்தக் கணக்கிலும் வராத தண்ணீர்.

பிறகு சிங்கம்புணரிப் பந்தல்காரர் வந்தார். மறுநாள் வேறு ஊரில் அவருக்கு வேலை இருந்தது. அவர் எந்த மேசையிலும் எதுவும் கேட்கவில்லை. கூண்டின் கழிகளை மளமளவென்று பிடுங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வெட்டவெளியில் சின்னக்கருப்பனும் தாசில்தாரும் நின்றார்கள். நாலு பக்கமும் திறந்து கிடந்தது. கயிறு சின்னக்கருப்பன் கையில்தான் இருந்தது.

அவர் நகரவில்லை. பூட்டு திறந்ததாகச் செய்தி வரவில்லை அல்லவா. செல்போனைப் பார்ப்பதும், இல்லாத வேலியைப் பார்ப்பதுமாக நின்றார். மாடும் நின்றது. அதற்கு நிற்பது பழக்கம்.

செந்தாமரை ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். நடந்தே பொட்டலின் நடுவுக்கு வந்தாள். புருஷனைப் பார்த்தாள், துண்டு மலையாக நின்ற மாட்டைப் பார்த்தாள்.

"ஏன் இங்ஙன நிக்கிறீக?"

"நிலுவையில இருக்கு."

"எது?"

அவர் கையால் சுற்றிக் காட்டினார். செந்தாமரை அந்தப் பக்கமெல்லாம் பார்த்தாள். காய்ந்த புல்லும் பிய்ந்த செருப்புகளும் தவிர அங்கே ஒன்றுமில்லை. அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். "வாடா" என்றாள். மாட்டைச் சொன்னாளா மனுஷனைச் சொன்னாளா தெரியாது. இரண்டும் பின்னாலேயே நடந்தன.

வியாழக்கிழமை விடியக் குட்டி யானை வந்தது. செந்தாமரை வார்த்தை மாறவில்லை. மாட்டின் நெற்றியைத் தடவிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சின்னக்கருப்பன் மில்லைத் திறந்து, அரைக்க எதுவும் இல்லாமலே மிஷினை ஓடவிட்டார். அந்தச் சத்தத்தில் வண்டி கிளம்பியது கேட்கவில்லை. அதற்காகத்தான் ஓடவிட்டார் என்று எதிர் வீட்டில் சொன்னார்கள்.

சாயங்காலம் அதே குட்டி யானை திரும்பி வந்தது. பின்னால் தாசில்தார் நின்றது. வேல்பாண்டி இறங்கிய வேகத்தில் கதவு ஆடியது.

"என்ன எழவு மாடு மாப்ள இது! சந்தைக் கேட்டுல காது நம்பரை அடிச்சான். நிலுவையில்ங்குறான். உள்ள விடமாட்டேங்குறான். கேரளாக்காரன் தொட மாட்டேங்குறான். கழகத்துக்குப் போன் போட்டா, எல்லாம் ஒத்துப்போயிருமாம், எப்பன்னு கேக்கக்கூடாதாம்!"

சின்னக்கருப்பன் மில்லை நிறுத்தினார். ஊரே அமைதியானது போல இருந்தது.

"உம் போன்ல ஏதோ வருமாம் மாப்ள. முடிக்கவான்னு கேக்குமாம். சரின்னு அமுக்கிட்டா பூட்டு திறந்துருமாம். அடுத்த வியாழன் வாரேன். அமுக்கி வை."

வந்தது. அன்று ராத்திரியே வந்தது. 'உங்கள் பரிவர்த்தனையை முடிக்கவா? பதில் இல்லையெனில் மீண்டும் முயற்சிப்போம்.' சின்னக்கருப்பன் அதை வெகுநேரம் படித்தார். வாழ்நாளில் யார் எது கேட்டாலும் உடனே சரி சொல்லிப் பழகிய கட்டைவிரல் தானாகவே எழுந்தது. பாதி வழியில் நின்றது. போனை அப்படியே எடுத்துப் போய்ப் பருத்திக்கொட்டை மூட்டைக்குள் செருகினார்.

செந்தாமரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வியாழன் வேல்பாண்டி வந்து, "அமுக்குனியா மாப்ள?" என்றார்.

"எங்கிட்டு மச்சான்... எனக்கு இன்னும் வரலியே."

"வரலியா?"

"போற வழி இருக்கு போல. வாற வழிதான் இல்ல."

சொல்லும்போது அவர் மச்சானின் முகத்தைப் பார்க்கவில்லை. பொய் சொன்னதற்காகப் பிறகு மாட்டிடம் மன்னிப்புக் கேட்டார் என்றும் ஒரு பேச்சு உண்டு.

அதிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை மேலப்பொட்டல் கழகத்தின் சிஸ்டம், முடியாத அந்த வேலையை முடிக்க மறுபடி முயல்கிறது. முயலும்போதெல்லாம் காரைக்குடி ஜவுளிக்கடைக்கு உத்தரவு போகிறது. முஜிபுர் ரகுமான் டி.வி.எஸ்.ஸை எடுத்துக்கொண்டு, முகம் வாடி, ஒக்கூருக்கு ஒரு துண்டோடு வந்து சேருகிறார். கட்டிவிட்டு ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போகிறார். செந்தாமரை வீட்டுக் கொடியில் எப்போதும் சிவப்புத் துண்டுகள் காய்கின்றன. தெருவில் பாதிப் பேர் தோளில் அதுதான் கிடக்கிறது. இருந்தும் அந்தத் துண்டுகளில் ஒன்றுகூட இன்னும் கட்டப்படவில்லை என்பதுதான் கழகத்தின் நிலை.

நேற்றும் பருத்திக்கொட்டை மூட்டைக்குள் போன் முனகியது. முஜிபுர் ரகுமான் மாட்டின் கழுத்தில் முடிச்சுப் போட்டபடியே, "பதில்தான் சொல்லித் தொலைங்களேண்ணே, என் கடை என்னத்துக்கு ஆகும்?" என்றார்.

சின்னக்கருப்பன் செந்தாமரையைப் பார்த்தார். செந்தாமரை மாட்டைப் பார்த்தாள். தாசில்தார் வழக்கம் போல யாருக்கும் பதில் சொல்லவில்லை.